மூத்தவளின் பெயர்

தொட்டில் கட்டியாயிற்று என்று போன வாரம் நிறுத்தினேன். அதற்கு வாங்கிய வசவு கொஞ்சமா? "தொட்டில் கட்டத் தெரிந்தவருக்குப் பிள்ளைக்கு ஒரு பேர் வைக்கத் தெரியாதா?" என்று அம்பாசமுத்திரத்து அம்மாள் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கென்ன தாயே, நான் வைத்துவிடுவேன். அந்த வீட்டுக்காரர்கள் விட வேண்டாமா? வண்ணார்பேட்டையில் அந்தச் சின்ன வீட்டுக்குள் ஆளுக்கொரு பேரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எந்தப் பேர் ஜெயிக்கும் என்று எழுதுகிற எனக்கே பிடிபடவில்லை.

இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்து உட்காருகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் போய்க் காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

பெருமாள்ராஜ், திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவன். சீருக்கு வாங்குகிற குடத்திலும் தாம்பாளத்திலும் பெண்ணின் பேரைப் புள்ளி புள்ளியாக உளியால் தட்டிக் கொடுப்பது அவன் வேலை. அவன் மனைவி பிரேமலதா. அவளுக்குப் பெண் பிறந்து, தீட்டும் கழிந்து, இன்றைக்குப் பேர் வைக்கிற நாள்.

பிரேமலதாவுக்கு அம்மா இல்லை. அதனால் பிள்ளைப்பேறு பார்த்தது முழுக்கப் பெருமாள்ராஜின் அக்கா தங்கத்தாய்தான். அடுத்த தெருவில் பீடி சுற்றுகிறவள். கை வேகமா வாய் வேகமா என்று கேட்டால் தெருவே யோசிக்கும். இந்த அக்கா, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் 'பேராச்சி' என்று பேர் வைக்கிறேன் என ஆற்றங்கரைப் பேராச்சியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிரேமலதாவின் அப்பா இசக்கியப்பனுக்குத் திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி வியாபாரம். அவர் தன் பங்குக்கு ஊர் இசக்கியம்மனிடம் 'உன் பேர்தான் ஆத்தா' என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காதாம். இரண்டும் பலித்துவிட்டன. பிள்ளையோ ஒன்று.

இன்னும் ஒரு பேர் உண்டு. அது அந்த வீட்டில் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று பிரேமலதா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பிள்ளைக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், விடிகிற நேரத்தில், மாதம் நிறையாமல். பெருமாள்ராஜ் மருந்து வாங்க ஓடியிருந்தான். நர்ஸ் சாலோமி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பிரேமலதாவின் பக்கத்தில் வைத்தாள். "நான் ஜெபம் பண்ணட்டுமாம்மா? பேரு சொல்லித்தான் ஜெபிக்கணும். பிள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

ஜன்னல் வழியாகக் காலை வெயில் அந்தச் சின்ன நெற்றியில் விழுந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் பச்சைப்பிள்ளையைத் தினமும் இளவெயிலில் காட்ட வேண்டும், உடம்புக்கு நல்லது என்று முந்தின நாள்தான் பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருந்தாள். இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகப்போவதில்லை என்பது பிரேமலதாவுக்குத் தெரிந்துவிட்டது. "இளவெயில்" என்றாள். சாலோமி ஏன் எதற்கென்று கேட்கவில்லை. "ஆண்டவரே, இந்த இளவெயிலை..." என்று கண்ணை மூடிக்கொண்டாள். உச்சிப்பொழுதுக்குள் பிள்ளை போய்விட்டது.

வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு ஒன்றையேதான் சொன்னார்கள். "பேரு கூட வைக்கலல்லா. பேரு வச்சிருந்தாத்தான் மனசுல நிக்கும். மறந்துரு." அதற்கப்புறம் அவள் எப்படி வாயைத் திறப்பாள்? திறக்கவில்லை.

இவ்வளவுதான் முன்கதை. இனி இன்றைக்கு.

காலையில் பெருமாள்ராஜ் கடைக்குப் போய்விட்டான். பேர் வைக்கிற நாளில் அப்பன் கடைக்குப் போவானா என்று என்னிடம் கேட்காதீர்கள். முகூர்த்தம் நெருங்குகிறது, குடங்கள் குவிந்து கிடக்கின்றன. "ரெண்டு குடத்த மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு ஓடிரும்வே" என்று முதலாளி அகமது மீரான் சொல்லியிருந்தார்.

இந்தப் பெருமாள்ராஜுக்கு ஒரு பழக்கம். விசித்திரமான பேர் வந்தால் உளியைக் கீழே வைத்துவிடுவான். ஏன் இந்தப் பேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மறுபடி எடுப்பான். அப்படிக் கேட்டுக் கேட்டு அவனிடம் ஏகப்பட்ட கதைகள் சேர்ந்திருக்கின்றன. ஊருக்குக் கரண்டு வந்த அன்று பிறந்ததால் ஒருத்தி கரண்டம்மாள். விளக்கு எரிவதைப் பார்க்கப் போன மருத்துவச்சி திரும்பி வருவதற்குள் பிறந்துவிட்டாளாம். அப்பா கொழும்புக்குக் கப்பலேறிய அன்று பிறந்தவள் கப்பலம்மாள். அவர் திரும்பி வரவே இல்லை, பேர் மட்டும் நின்றுவிட்டது.

இன்றைக்கு வந்த குடத்துக்குப் பேர் ஊத்தம்மாள்.

"அதென்ன பேரு?" என்று உளியைக் கீழே வைத்தான்.

பெண்ணின் தாயார் சிரித்தாள். "செம்மண் பூமில கிணறு வெட்டுதாக. தோண்டத் தோண்டப் பாறை. இவ பொறந்து வீறிட்டா பாருங்க, அந்த நேரம் ஊத்துக் கண்ணு தொறந்துட்டு. அதான் ஊத்தம்மா. பத்திரிகைல சுகந்தின்னு போட்டிருக்கோம். இவ மானம் போகுதுங்கா. ஆனா குடத்துல ஊத்தம்மான்னே வெட்டுங்க. பத்திரிகைய கிழிச்சுப் போட்டுருவாக, குடம் நிக்கும்லா."

கல்யாணப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பெருமாள்ராஜ் சந்தோஷமாக வெட்டினான்.

வேலை முடிந்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே பிள்ளைக்குப் பால் புகட்டுகிற ஒரு வெள்ளிப் பாலாடை. விளிம்பில் புத்தம் புதிதாக வெட்டின எழுத்து. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இளவெயிலா? இது என்ன பேருவே? நம்ம திருநெல்வேலில என்னைக்குவே வெயிலு இளசா அடிச்சிருக்கு?"

"என் வீட்டுக்காரி வச்ச பேரு, மொதலாளி."

"அவ சொன்னாளா?"

"சொல்லல. நான் கேட்டுட்டேன். பிரசவ ரூமுக்கு வெளிய நின்னேம்லா. வலியில எல்லாரும் அம்மான்னுதான கத்துவாக? இவ 'இளவெயிலே, இளவெயிலே'ன்னு கூப்பிடுதா. வயித்துல கெடக்கும்போதே பேரு வச்சிட்டா போல. எங்க அக்காவுக்கும் எங்க மாமாவுக்கும் பயந்துக்கிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கா. நான் இன்னைக்கிச் சபையில போட்டு உடைக்கப் போறேன்."

"ஏன் இந்தப் பேருன்னு ஊர்ல உள்ளவளை எல்லாம் கேக்கீரு. பொண்டாட்டிகிட்ட கேட்டீராவே?"

"பேரு வச்ச பெறவு கேப்போம்னு இருக்கேன். அவளே ஆசையாச் சொல்லட்டும்."

அட கூறுகெட்டவனே! இந்த ஒரு தடவை உளியைக் கீழே வைத்திருக்கக் கூடாதா நீ?

வீட்டில் இசக்கியப்பன் வந்து இறங்கியிருந்தார். கையில் கருப்பட்டி நிறைந்த ஓலைக்கொட்டான், தோளில் முருங்கைக்காய்க் கட்டு. அவர் தண்ணீர் குடித்துச் செம்பைக் கீழே வைப்பதற்குள் தங்கத்தாய் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, வந்ததும் வராததுமா கேக்கேன்னு நெனைக்காதீய. என்ன முடிவு பண்ணிருக்கீய?"

"முடிவென்ன தாயி, இசக்கிதான்."

"எங்க பேராச்சி ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. பெரிய ஆத்தா அவ, நான் இல்லங்கல. ஆனா எங்க இசக்கி கோவக்காரி பாத்துக்க."

"எங்க ஆத்தா மட்டும் என்ன, சிரிச்சிக்கிட்டே இருப்பாளா?"

இசக்கியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி. யாரு மொதல்ல வேண்டுனதுன்னு பாப்போம். நீ எப்பம் வேண்டுன?"

"ஆனி மாசம்."

"நான் சித்திரையிலயே வேண்டிட்டேன்."

"சித்திரையில அவளுக்கு நாள் தள்ளவே இல்லையே மாமா!"

"தள்ளாட்டி என்ன? பொதுவா வேண்டிக்கிட்டேன்."

"பொதுவா வேண்டுனா பொதுவாப் பேரு வைங்க. எங்க பிள்ளைக்கு ஏன் வைக்கீய? ஏற்கெனவே ஒங்க ஊர்ல நடுத்தெருவுல நின்னு 'இசக்கி'ன்னு கூப்பிட்டா ஆம்பள பொம்பள அம்புட்டு பேரும் 'என்னா'ன்னு கேக்காக. இன்னொண்ணும் வேணுமாக்கும்?"

"ரெண்டையும் சேத்துருவமா? பேராச்சி இசக்கி?"

தங்கத்தாய்க்கு அது பிடித்திருந்தது. இசக்கியப்பனுக்குத்தான் சொன்ன பிறகு உறைத்தது. "இல்ல தாயி, இசக்கிப் பேராச்சின்னுல்லா வரணும்?" அவ்வளவுதான், எது முன்னால் என்பதில் மறுபடி முட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கே தலை சுற்றுகிறது.

பிரேமலதா உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் சிரிப்புக்கூட வந்தது. பிறகு தங்கத்தாயின் குரல் இறங்கியது.

"மாமா, நான் சண்டைக்கிச் சொல்லல. மூத்தது விஷயத்துல யாரும் எந்த ஆத்தாகிட்டயும் ஒண்ணும் வேண்டிக்கிடல. அதான் அது தங்கல. இதயும் விட்டுறக் கூடாதுல்லா? எனக்கு ராத்திரியெல்லாம் அதான் ரோசனை."

"அத ஏன் இப்பம் இழுக்க? அது கணக்குல சேராது தாயி. பேரு வைக்காத பிள்ள."

பிரேமலதாவின் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது. அது. அது. மூத்தவளை யாரும் ஒரு தடவையாவது 'அவள்' என்று சொல்லக்கூடாதா?

பிரேமலதாவின் நிலைமைதான் என்ன? மடியில் கிடக்கிறவளுக்கு அவளிடம் ஒரு பேரும் இல்லை. இத்தனை நாளும் 'பிள்ளே', 'கண்ணு' என்றுதான் ஓடுகிறது. சில நேரம் கொஞ்ச வாயைத் திறந்தால் 'இள' என்று வந்துவிடும். சட்டென்று கடித்துக்கொள்வாள். மூத்தவள் முகத்தை நினைக்கப் பார்த்தால் வெயில் விழுந்த நெற்றி மட்டும் வருகிறது. அதற்குக் கீழே இவளுடைய மூக்கும் இவளுடைய வாயும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இவளைக் கொஞ்சுகிறேனா, அவளைக் கொஞ்சுகிறேனா? இவள் அவளா? அவள் எங்கே? பாவம், பிரேமலதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்க ஆளும் இல்லை.

வெளியே சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் இங்கன வாங்க! பேரு கெடச்சிட்டு!" பெருமாள்ராஜ் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

"எந்த ஆத்தா லே?" என்றாள் தங்கத்தாய்.

"ரெண்டு ஆத்தாவும் இல்ல."

"ஏலே!"

அவன் பொட்டலத்தைப் பிரித்துப் பாலாடையை நீட்டினான். தங்கத்தாய்க்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் ஆகும். இசக்கியப்பன் வாங்கி வாசித்தார். "இ-ள-வெ-யி-ல்."

"வெயிலா?" தங்கத்தாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு வெயிலுன்னு பேரு வச்ச கோட்டிக்காரன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாம்ல இருப்ப. நாளைக்கி இன்னொண்ணு பொறந்தா மழைன்னு வைப்பியா? குடைன்னு வைப்பியா?"

"வெயிலுக்குக் கோயிலு எங்கன இருக்கு மருமவனே?" என்று இசக்கியப்பன் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்.

"நான் வச்ச பேரு இல்ல மாமா. லதா வச்ச பேரு. பிரசவத்துல அம்புட்டு வலிக்குள்ளயும் இந்தப் பேரச் சொல்லித்தான் பிள்ளையக் கூப்பிட்டா. நான் என் காதால கேட்டேன். ஒங்க ரெண்டு பேரு சண்டையில அவ ஆசைய யாராவது கேட்டீயளா?"

எல்லாரும் திரும்பினார்கள். உள்ளறை வாசலில் பிரேமலதா பிள்ளையோடு நின்றிருந்தாள். அப்பாவின் கையிலிருந்த வெள்ளியில் அந்தப் பேரைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் மட்டுமே இருந்த பேர், ஊர் பார்க்க எழுத்தாகி நிற்கிறது. கண்ணீர் கொட்டிவிட்டது.

"பாத்தியளா? சந்தோசத்துல அழுதா" என்றான் பெருமாள்ராஜ்.

தங்கத்தாய் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து பிரேமலதாவின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். "ஏளா, இத மொதல்லயே சொல்லுறதுக்கு என்ன? நாங்க என்ன ராச்சசியா? பத்து மாசம் சொமந்தவ ஆசைக்கு மேல என்ன இருக்கு? பேராச்சிகிட்ட நான் போயி விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். அவளும் பொம்பளதான."

"இல்ல மதினி, நான்..."

"நீ ஒண்ணும் பேசாத."

இசக்கியப்பன் கூரை மோட்டைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையில் தட்டினார். "அட, திருச்செந்தூர்ல வெயிலுகந்தம்மன் இருக்கால்லா! அப்பம் இதுவும் ஆத்தா பேருதான். இசக்கி கோவிக்க மாட்டா." பிறகு மகளைப் பார்த்தார். "ஒங்கம்மையும் இப்படித்தான். எங்கியோ ஒரு டீச்சரம்மா பேரு பிரேமலதாவாம், அதத்தான் ஒனக்கு வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அன்னைக்கும் விட்டுக்குடுத்தேன். இன்னைக்கும் விட்டுட்டேன், போ."

இதுதான் கொடுமை. ஆளுக்கொரு பேருக்காக மல்லுக்கு நின்றபோது எல்லாரையும் எதிர்த்துப் பேசியிருக்கலாம். இப்போது எல்லாரும் அவளுக்காகத் தங்கள் சாமியையே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். இவர்களிடம் போய் எப்படி 'வேண்டாம்' என்பது? ஏன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அவள் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குள்ளேயே ஒரு குரல் கெஞ்சியது. வைத்துவிடட்டுமே! இனிமேல் அந்தப் பேரை ஒளித்து ஒளித்துச் சொல்ல வேண்டாம். தெரு கேட்கக் கூப்பிடலாம். இளவெயிலு, பாலக் குடி. இளவெயிலு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. இளவெயிலு, தலை பின்ன வா.

அப்போது மூத்தவளை என்னவென்று கூப்பிட?

அவளுக்கென்று இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? சட்டை இல்லை, போட்டோ இல்லை, ஜாதகம் இல்லை, ஆடின தொட்டில் இல்லை. ஒரே ஒரு பேர். அதையும் பிடுங்கி இவளுக்குப் போட்டுவிட்டால், நாளையிலிருந்து அந்தப் பேரைக் கேட்டு இவள்தான் திரும்புவாள். மூத்தவள் திரும்பவே மாட்டாள்.

பெருமாள்ராஜ் பின்னாலேயே வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. "லதா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? ஏன் இந்தப் பேரு? என்ன காரணம்?"

பாருங்கள், இப்போதுதான் கேட்கிறான்!

"நீங்க... அன்னைக்கி நீங்க மருந்து வாங்கப் போனப்பம்..." என்று ஆரம்பித்தாள்.

"என்னைக்கி?"

"நல்ல நேரம் போகுது! அங்கன என்ன குசுகுசுன்னு?" தங்கத்தாயின் குரல் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். தொட்டிலில் பிள்ளையைப் போட்டார்கள். எங்கள் பக்கம் அத்தைக்காரிதான் பிள்ளையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். தங்கத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பயபக்தியாகக் குனிந்தாள். வாயில் நுழையாத பேர், ஒத்திகைபோல ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இளவெயிலு."

பெண்கள் குலவை போட்டார்கள்.

"இளவெயிலு."

மூன்றாவது தடவைக்கு அவள் வாயைத் திறந்தபோது, பிள்ளையின் காதை ஒரு கை பொத்திக்கொண்டது. பிரேமலதாவின் கை.

"வேண்டாம் மதினி."

"ஏளா, என்ன செய்யுத?"

"இது இவ பேரு இல்ல."

"பெறவு?"

"இவ அக்கா பேரு."

வீடு முழுக்க விழித்தது. "எந்த அக்கா?" என்று இசக்கியப்பன் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"எம் மூத்த மக." பிரேமலதாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நர்சம்மா வந்து கேட்டாக, பேரு என்னன்னு. நாந்தான் சொன்னேன். அந்தப் பேரச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுனாக. அவ பேரு இல்லாமப் போகல. எல்லாரும் பேரு வைக்காத பிள்ள, பேரு வைக்காத பிள்ளன்னு சொல்லுதீய. அவளுக்குப் பேரு உண்டு. பிரசவத்துல நான் அவளத்தான் கூப்பிட்டேன்."

குலவை போட்ட பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பைய வாசலுக்கு நகர்ந்தார்கள்.

தங்கத்தாய் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ரெண்டு தடவ சொல்லிட்டேனே. காதுக்குள்ள போயிட்டே. இத இப்பம் எப்படி வெளிய எடுக்க?"

"மூணு சொன்னாத்தான் பேரு. ரெண்டு சொன்னாச் செல்லாது" என்றார் இசக்கியப்பன்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொல்லுதேன்."

பெருமாள்ராஜ் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவன் கோபப்படுவான் என்று பிரேமலதா நினைத்தாள். கோபப்பட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"எங்கிட்டயுமா சொல்லக் கூடாது?" என்றான் கடைசியில். "நான் அவளுக்கு அப்பன் இல்லியா?"

"பேரு கூட வைக்கல, மறந்துரு லதான்னு நீங்களுந்தான சொன்னீய."

அவன் தலை குனிந்தது. யாரிடமோ சொல்வதுபோலத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஆத்தங்கரைல குழி வெட்டுனவரு கேட்டாரு. 'தம்பி, பேரச் சொல்லி மண்ணப் போடு'ன்னாரு. பேரு இல்லன்னுட்டேன். ஊர்ல உள்ள பிள்ளைக்கெல்லாம் பேரு வெட்டுத கை இது. பேரு இல்லாமத்தான் அவளுக்கு மண்ணு போட்டுட்டு வந்தேன் லதா."

இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தங்கத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இசக்கியப்பன் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

பெருமாள்ராஜ் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டான்.

"ஏலே, எங்க போற? தொட்டில்ல பிள்ள கெடக்கு. இவளுக்கு யாரு பேரு வைக்க?"

"எந்த ஆத்தா பேர வேணும்னாலும் வைங்க அக்கா. நான் மொதல்ல மூத்தவகிட்டப் போயி அவ பேரச் சொல்லிட்டு வந்துருதேன்."

"நில்லுங்க" என்றாள் பிரேமலதா. "நானும் வாரேன். அந்த எடம் எங்கன இருக்குன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்கு யாரும் காட்டல."

பெண்கள் அந்த இடத்துக்குப் போகிற வழக்கமில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு ஆற்றங்கரை மண்ணில் கால் வைக்கிற வழக்கமும் இல்லை. இசக்கியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கத்தாய் அவரைக் கையமர்த்தினாள்.

அவள் எழுந்து தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை சிணுங்கியது. சமாதானம் சொல்லக் கூப்பிடலாம் என்றால் என்ன சொல்லிக் கூப்பிட? பேராச்சியா, இசக்கியா, ஒன்றும் தெரியாமல் முதுகை மட்டும் தட்டிக்கொடுத்தாள்.

"போ ஏளா. தொட்டிலு எங்கயும் ஓடிராது. இவளுக்கு வந்து வச்சிக்கிடலாம்" என்றாள். "ஆனா அங்கன போயி மூணு தடவையும் முழுசாச் சொல்லு. என்ன மாதிரி ரெண்டோட நிறுத்திட்டு வந்துராத."